கோச் எங்கள் ஊரை ஏசிய வருஷம்

போன வாரம், இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு காலேஜ் ஃபுட்பால் கோச், ஆட்டம் முடிந்த கையோடு மைக் முன்னால் வந்து நின்று, ஸ்டேடியத்துக்கு வராத ரசிகர்களைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. கீழே நீங்கள் பாதிப் பேர் அவர் சொல்வது சரி என்று எழுதியிருந்தீர்கள். மீதிப் பேர் பார்க்கிங் கிடைக்காத கதையை எழுதியிருந்தீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகன் வந்து எட்டிப் பார்த்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுப் போனான்.

அவனுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குப் புரியும். நம் வீடுகளெல்லாம் ஒரே மாதிரிதானே இருந்தன: அபார்ட்மெண்ட்காரன் போட்டுக்கொடுத்த பழுப்புக் கார்ப்பெட், கேரேஜ் சேலில் எடுத்த சோபா, ஊரிலிருந்து வந்த பிரஷர் குக்கர், யாருக்கும் தெரியாமல் எதற்கோ பயந்துகொண்டிருந்த அப்பாக்கள். உங்களில் பலர் இப்போது கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. டெக்சாஸில், பிளானோவிலிருந்து ஃப்ரீவேயில் நெடுநேரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஊரென்றால் ஒரு பல்கலைக்கழகம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கடைகள், அதற்கப்புறம் வெட்டவெளி. அப்பா அங்கே கெமிஸ்ட்ரி கட்டிடத்தில் ஒரு ப்ரொஃபசரின் லேபில் ஆராய்ச்சி வேலை பார்த்தார். அம்மாவுக்கு வேலை பார்க்க விசா இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். அதற்கு முன் காலேஜில் கபடி ஆடியவள். வலது முழங்காலுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு உண்டு. மழை நாளில் அதைத் தடவிக்கொண்டே, அது எந்த ஊர் மைதானத்தில் விழுந்தது என்று சொல்வாள். அந்த அம்மா இங்கே வந்து, காலையில் எங்களை அனுப்பிவிட்டு, பழுப்புக் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு ரேடியோ. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கறுப்பு ரேடியோ. ஏரியல் பாதியில் உடைந்து, அதில் ஒரு முட்கரண்டியைச் செருகி வைத்திருந்தோம். அடுப்பின் பக்கத்திலேயே கிடந்ததால் அதன் திருகுகளில் மஞ்சள்தூள் ஏறிப்போயிருந்தது. சின்ன வயதில் கிரிக்கெட் கமெண்ட்ரியை ரேடியோவில் கேட்டே ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கற்றவள் என்பதால், சனிக்கிழமை மதியங்களில் ஊர் ஸ்டேஷனில் வந்த காலேஜ் ஃபுட்பால் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பந்தை எதிராளியின் எல்லைக்கோடு வரை கொண்டுபோக வேண்டும். நான்கு முயற்சிக்குள் பத்து கஜமாவது முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். “நம்ம கபடிதான், என்ன, மூச்சு விடலாம்” என்று எனக்கு விளக்கினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று கத்தியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஊர் டீம் பந்தைத் தவறவிட்டிருக்கும்.

எங்கள் டீம் பெரிய டீம் இல்லை. டெக்சாஸில் ஃபுட்பால் என்றால் உயிரை விடுவார்கள். ஆனால் விடுகிற உயிரையெல்லாம் டிவியில் வருகிற பெரிய யூனிவர்சிட்டிகளுக்கு விடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களே பெரிய யூனிவர்சிட்டித் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் மளிகைக் கடைக்கு வருவார்கள். சனிக்கிழமைகளில் ஸ்டேடியத்துக்கு வெளியே பார்க்கிங் லாட்டில் கூட்டம் அள்ளும். அடுப்பு மூட்டி இறைச்சி சுடுகிற புகை எங்கள் பால்கனி வரை வரும். ஆட்டம் தொடங்கும்போது பாதிப் பேர் உள்ளே போவார்கள். இடைவேளையில் பேண்டு வாசித்து முடித்ததும், அவர்களிலும் பாதிப் பேர் வெளியே வந்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் டீம் ஜெயித்தது. கடைசி நிமிஷம் வரை இழுத்துக்கொண்டு போய் ஜெயித்தது. அம்மா கரண்டியால் குக்கர் மூடியைத் தட்டினாள். ரேடியோக்காரர் ஸ்டேடியத்திலேயே கோச்சிடம் மைக்கை நீட்டினார். கோச் சந்தோஷமாகப் பேசப் போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அவர் எடுத்த எடுப்பில் ஊரை ஏசினார். ஸ்டேடியத்து ஸ்பீக்கரிலும் அது போய்க்கொண்டிருந்தது. ரேடியோவுக்குப் பின்னால் அவர் குரல் எதிரொலிப்பது கேட்டது. என் பையன்கள் இந்த வெயிலில் எலும்பு நொறுங்க ஆடுகிறார்கள், நீங்கள் வெளியே நின்று தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெரிய காலேஜ் ஆட்டத்தை டிவியில் பார்க்கிறீர்கள் என்றார். வருவதாக இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், இந்தப் பாதி ஸ்டேடியத்தை இடித்துவிட்டு மாடு மேய விடலாம் என்றார். உங்களை ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லையா என்று கேட்டார். யாரோ ஓரிருவர் கை தட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “இவரு யார ஏசுதாரு?” என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஊரில் இதுதான் பேச்சு. முடிவெட்டும் கடையில் கோச் பக்கம், பெட்ரோல் பங்கில் ஊர்ப் பக்கம். ஹார்டுவேர் கடைக்காரர், வழக்கமாகத் தள்ளுபடி விளம்பரம் எழுதும் வாசல் பலகையில், ‘கோச், எங்களுக்கும் சனிக்கிழமை வேலை இருக்கிறது’ என்று எழுதி வைத்தார். என் வகுப்பில் இரண்டு பையன்கள் இதற்காக அடித்துக்கொண்டு ப்ரின்சிபல் அறைக்குப் போனார்கள். அந்த ஊர் அப்படி விழித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. ஸ்கூல் பஸ்ஸில் போகும்போதே ஜன்னலில் ஒட்டிக்கொள்வேன், இன்றைக்கு என்ன நடக்குமோ என்று.

ஒவ்வொரு புதன்கிழமையும் மாலையில் கோச் ஊர் நடுவில் இருந்த பார்பெக்யூ ஹோட்டலில் உட்கார்ந்து ரேடியோவில் பேசுவார். கேட்பவர்கள் போன் பண்ணிக் கேள்வி கேட்கலாம். அந்தப் புதன்கிழமை அப்பா இன்னும் லேபிலிருந்து வரவில்லை. அம்மா சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து, ரேடியோவில் சொன்ன எண்ணைச் சுற்றினாள். யாருக்கு என்று நான் கேட்டேன். உதட்டில் விரலை வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள், சுருட்டை வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி. பிறகு, ரேடியோ சத்தம் போனில் இரைகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ரேடியோவைத் தூரக் கொண்டுபோ என்று எனக்குச் சைகை காட்டினாள்.

நான் ரேடியோவை பாத்ரூமுக்குக் கொண்டுபோய், கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு குளியல் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதனால் அம்மாவின் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் சமையலறையிலிருந்து. சில விநாடி கழித்து, கரகரவென்று, ஊர் முழுக்கக் கேட்கிற குரலாக, என் மடியிலிருந்து. அந்த இரண்டாவது குரலைக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றும் அதை நினைத்தால் புல்லரிக்கிறது.

அவள் பேசியது இங்கிலீஷில்தான், கான்வெண்டில் கற்ற, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைக்கிற இங்கிலீஷ். தன் பெயரைச் சொன்னாள். கணவர் கெமிஸ்ட்ரி கட்டிடத்தில் வேலை பார்க்கிறார் என்றாள். ஊரில் தான் விளையாட்டு டீச்சர் என்றாள். பிறகு சொன்னாள்:

“கோச், வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காக வந்த பிள்ளைகளை ஏசினால், மறுநாள் அதுகளும் வராது. சனிக்கிழமை நீங்கள் ஏசினீர்களே, அதை அங்கே கேட்டது யார்? கடைசிவரை வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள். வராதவர்களுக்கு அது கேட்கவே இல்லை.”

 ரேடியோக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோச் அவரைத் தடுத்தார்.

“மேடம், நீங்கள் ஸ்டேடியத்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?” என்று கேட்டார்.

அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். “நான் வந்ததில்லை. ரேடியோவில் கேட்கிறேன்” என்றாள்.

ஹோட்டலே சிரித்தது. அந்தச் சிரிப்பு சமையலறையிலிருந்த போனுக்குள் முதலில் கேட்டிருக்கும். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை கோச் காத்திருந்தார். பிறகு, கிண்டல் இல்லாத குரலில்தான், ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ரேடியோவில் அப்படி மௌனம் வந்தால் ஸ்டேஷன் போய்விட்டதென்று நினைப்போம். நான் முட்கரண்டியைக்கூடத் திருகிப் பார்த்தேன்.

“யாரும் கூப்பிடவில்லை” என்றாள் அம்மா.

அந்தப் பதிலை அவள் யோசித்துச் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அமெரிக்கா வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை. அப்பாவோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். கோச்சுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.  ஆனால், “சரி மேடம், நான் கூப்பிடுகிறேன். இந்தச் சனிக்கிழமை வெளியூர் ஆட்டம். அடுத்த சனிக்கிழமை இங்கே, வாருங்கள்” என்றார். ரேடியோக்காரர் அவசரமாக விளம்பரத்துக்குப் போனார்.

நான் பாத்ரூமிலிருந்து ஓடி வந்தேன். அம்மா போனை வைத்துவிட்டு, கைகளை நைட்டியில் துடைத்துக்கொண்டிருந்தாள், வியர்வையே இல்லாத கைகளை.

அப்பா வந்ததும் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். கார்ப்பெட்டில் ஷூவோடு அவர் காலை வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பேரச் சொன்னியா?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“நான் எங்க வேல பாக்கேன்னும் சொன்னியா?”

அம்மா தலையை ஆட்டினாள். அப்பா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “கிரீன் கார்டு பேப்பர் இன்னும் அந்த யூனிவர்சிட்டி கையில கெடக்கு. அங்க அந்த ஆளு யாருன்னு தெரியுமா ஒனக்கு? யூனிவர்சிட்டி ப்ரெசிடெண்ட்ட விட அவருக்குத்தான் மரியாத. அவரப் போயி ரேடியோல ஏசியிருக்க.”

“நான் ஏசலங்க. சொன்னேன்” என்றாள் அம்மா.

அப்பா ஒரு கோழை என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தோன்றியது. இப்போது எனக்கு அன்றைய அப்பாவைவிட வயது கூட. ஒரு கையெழுத்துக்காகக் குடும்பம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது எப்படியென்று, பிறகு உங்களில் சிலர் வேலையிழந்த வருஷங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பத்து வயதில் என் மனசு முழுக்க அம்மாவின் பக்கம்.

மறுநாள் பதில் சொல்லும் மிஷினில் ஒரு செய்தி வந்திருந்தது. ஸ்டேடியத்து ஆபீஸிலிருந்து ஒரு பெண், மூன்று டிக்கெட் எங்கள் பெயரில் கவுண்டரில் இருக்கும் என்று சிரித்த குரலில் சொன்னார். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அப்பாவுக்கு அது விசாரணைக்குக் கூப்பிடுவது போலக் கேட்டது. ஆளை அடையாளம் பார்க்கத்தான் வரச் சொல்கிறார்கள் என்றார்.

அதற்கு மறுநாள் லேபில் ப்ரொஃபசர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரேடியோவில் பேசியது உன் மனைவியா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றாராம். அந்த நிமிஷமே ஊருக்கு டிக்கெட் எடுப்பதை யோசித்தாராம். ப்ரொஃபசர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு ஃபுட்பால் என்றாலே ஆகாது. லேபின் கூரை ஒழுகுகிறது, ஸ்டேடியத்துக்குப் புது விளக்கு வாங்குகிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தவர். கோச்சை ஒருவராவது கேட்டாரே என்று அவருக்கு அப்படியொரு ஆனந்தம். அப்பா வீட்டுக்கு வந்து, “இப்ப ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டேன்” என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளானோவில் நம் தமிழ் ஆராதனை. உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள், கையில் சமோசாவோடு. விஷயம் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு ஆன்ட்டி அம்மாவையும் அப்பாவையும் ஓரமாக அழைத்து, நம்மைப் போன்றவர்கள் இந்த ஊர் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று புத்தி சொன்னார். அப்பா அதற்கு வேகமாகத் தலையாட்டினார். ஆனால் பாஸ்டர், டீ கப்போடு வந்து நின்று, வராதவர்களுக்காக வந்தவர்களை ஏசுவதைத்தான் நானும் வாராவாரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், அம்மா சொன்னதைக் கேட்டு அசிங்கமாகிவிட்டது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புத்தி சொன்ன ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. அப்பா எங்களைக் கொண்டுபோய் விடுவதாகவும், தான் காரிலேயே இருப்பதாகவும் ஏற்பாடு. அம்மா சுடிதாருக்குமேல் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைச் சுண்ணாம்பு பூசி வெளுத்துக் கட்டிக்கொண்டாள். கழுத்தில் விசில். பித்தளை விசில், கறுப்புக் கயிறு, பாளையங்கோட்டையில் முழுப் பள்ளிக்கூடத்தையும் வரிசையில் நிறுத்திய விசில். வாசலில் இருந்த காவலர் அதைப் பார்த்தார். ஆட்ட நடுவர் ஊதியதென்று பையன்கள் நினைத்துவிடுவார்கள், உள்ளே விட முடியாது என்று மரியாதையாகச் சொன்னார். அம்மா கழற்றி அவர் கையில் கொடுத்தாள். ஆட்டம் முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு டப்பாவில் போட்டார். முடிந்து வரும்போது காவலரும் இல்லை, டப்பாவும் இல்லை. அந்த விசில் அத்தோடு போயிற்று.

உள்ளே ஏறி, படிகளின் உச்சியில் மைதானம் கண்ணில் பட்ட நிமிஷத்தை எப்படிச் சொல்வது. அவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஈரப் புல்லும் சோளப்பொரி வெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. பேண்டின் பெரிய டிரம் அடிக்கும்போது உட்கார்ந்திருந்த அலுமினியப் பலகை அதிர்ந்து, அது முதுகெலும்பில் ஏறியது. வழக்கத்தைவிடக் கூட்டம் என்று பக்கத்தில் சொன்னார்கள். ஏச்சு வாங்கியதற்கு ரோஷப்பட்டு வந்தவர்கள் பாதி, மறுபடி ஏசுவாரா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. அம்மா உட்காரவே இல்லை. மாதக்கணக்காகக் காதால் மட்டும் கேட்ட ஆட்டம் முதல்முறையாகக் கண்ணுக்கு முன்னால். யார் எந்தப் பக்கம் ஓடப்போகிறான் என்று ரேடியோக்காரரைவிட வேகமாக எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் படிகளில் ஒரு நீல உருவம் தடுமாறி ஏறி வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் மழைச்சட்டை போட்ட அப்பா. குடையோடு வந்தாராம், குடையையும் வாசலில் வாங்கிக்கொண்டு இந்தச் சட்டையைக் கொடுத்தார்களாம். எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்திருந்தார். “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும்” என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, அடையாளம் தெரியாதபடி எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

இடைவேளையில் பேண்டு மழையிலேயே வாசித்தது. முடிந்ததும் கூட்டம் எழுந்தது. ரோஷப்பட்டு வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லோரும். படிகளில் மழைத்தண்ணீர் போல அவர்கள் இறங்கிப் போவதை அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிச்சமிருந்தவர்களைக் கீழே வந்து முன்னால் உட்காரச் சொன்னார்கள். எங்கள் டீமின் பெஞ்சுக்கு நேர் பின்னால், கம்பித் தடுப்பை ஒட்டி எங்களுக்கு இடம் கிடைத்தது. கோச் கையெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். ரேடியோவில் பெரிய ஆளாகத் தெரிந்தவர், நேரில் குட்டையானவர். பின்கழுத்தில் வெயில் பட்டு வெந்த சிவப்பு.

பின்தங்கியிருந்த எங்கள் டீம் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. ஒவ்வொரு பத்து கஜத்துக்கும் நாங்கள் கொஞ்சம் பேரும் பலகையை மிதித்து மிதித்துச் சத்தம் போட்டோம்; ஆள் குறைவு, ஆனால் அலுமினியம் எங்களுக்காகக் கத்தியது. கடைசியில் ஒரு உதைதான் பாக்கி. பந்து இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் வெற்றி. உதைத்தான். மழையில் பந்து சுழன்று போய் இடது கம்பத்தில் அடித்தது. அந்தச் சத்தம் ஒரு பெரிய மணியடித்தது போலக் கேட்டு ஓய்ந்தது. தோற்றோம்.

பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கோச் தரையைப் பார்த்தபடியே எங்களைக் கடந்தார். ஒரு தடவைகூட நிமிரவில்லை. அம்மா கம்பியைப் பிடித்து எக்கி, “கோச்” என்று கூப்பிட்டாள், பள்ளிக்கூட மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரலில். அவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“நாங்க இருக்கோம்” என்றாள், இங்கிலீஷில்.

இவள்தான் அந்தப் பெண் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. நனைந்து நின்ற எங்கள் எல்லோரையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்படியே உள்ளே போய்விட்டார். எனக்குப் பின்னால் படபடவென்று பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. அப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில் கோச்சை அனுப்பப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அடுத்த வருஷம் வேறு ஆள். பிறகு தெரிந்தது, அவர் ஊரை ஏசிய அன்றைக்கே அந்தப் பேச்சு உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்ததாம். காலி இருக்கைகளைக் காட்டித்தான் அவரிடம் பேசியிருக்கிறார்கள். அவர் பயந்துபோய்க் கத்தியிருக்கிறார். அதை நாங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டோம். வீட்டில் ஒருவர் பயந்துபோய் வாயே திறக்காமல் இருந்தார். அதை நான் கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே பயம். அந்த ஊரில் இருப்பதா போவதா என்பது வேறு யாரோ ஒருவர் கையில்.

அம்மா ரேடியோவை நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். “சனிக்கிழம போவோம். கடைசி ஆட்டம்லா” என்றார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். “சீக்கிரமே போயிருவோம். பெஞ்சுக்குப் பின்னால எடம் போயிரும்” என்றார் அப்பா, சீரியஸாக, என்னவோ ஊரே அங்கே முண்டியடிக்கப்போவது போல.

அப்புறம் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வந்தது, நான் ஹைஸ்கூல் போன பிறகு. அம்மா ஒரு மிடில் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்து, ரிடையராகும் வரை பெண்பிள்ளைகளை மைதானத்தில் விரட்டிக்கொண்டிருந்தாள். கோச் தெற்கே ஏதோ ஊரில் ஹைஸ்கூல் டீமுக்குப் போனதாகக் கேள்வி. அவருக்கும் அம்மாவுக்கும் அதன்பிறகு ஒரு பேச்சும் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தேங்க்ஸ்கிவிங் வாரம், மாணவர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். குளிர்ந்த, நீலமான மதியம். வந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு கல்யாண மண்டபத்துக்குக்கூடப் போதாது. எதிரே வந்தது எங்களைவிடப் பெரிய டீம். எங்களைச் சும்மா தட்டிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்கள். எங்கள் பையன்கள் விடவில்லை. கோச் அன்றைக்கு யாரையும் ஏசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வெளியே வருகிற ஒவ்வொரு பையனின் ஹெல்மெட்டையும் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். அம்மாவின் குரல் இரண்டாம் பாதியிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்காகவும் சேர்த்துக் கத்தியது அப்பா. சுத்தத் தமிழில், “பிடி, பிடி, விடாத” என்று. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பையன்களும் அர்த்தம் தெரியாமல் “பிடி, பிடி” என்று கத்த ஆரம்பித்தார்கள்.

கடைசி ஆட்டம். கடைசி முயற்சி. ஒல்லியான ஒரு பையன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரக்கோட்டை ஒட்டி ஓடினான். ஒருவன் காலைப் பிடித்தான், பையன் உதறினான். இன்னொருவன் மேலே விழுந்தான், அவனையும் இழுத்துக்கொண்டே எல்லைக்கோட்டுக்கு மேல் போய் விழுந்தான். ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை இல்லை. பிறகு நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஜெயித்தோம்.

காவலர்கள் தடுப்புக் கதவைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் இருந்தது கொஞ்சம் பேர். எங்களைத் தடுத்து என்ன ஆகப்போகிறது. எல்லோரும் புல்லில் இறங்கினோம். பையன்கள் கோச்சைத் தோளில் தூக்கினார்கள், அவர் இறக்கிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே அழுதார். அவரைச் சுற்றித்தான் எல்லோரும் ஓடினார்கள். அம்மா அங்கே போகவில்லை. புல்லில் கால் பட்டதும் ஒரு கணம் நின்றாள். குனிந்து உள்ளங்கையால் தரையைத் தொட்டாள், நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஓடினாள்.

என் அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸுக்குக்கூட அவள் நடந்துதான் போவாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, உடம்பைத் தாழ்த்தி, வெள்ளை ஷூ புல்லைக் கிழிக்க, மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டை நோக்கி, யாருமே இல்லாத பக்கமாக ஓடினாள். நான் துரத்தினேன். எனக்குப் பத்து வயது, வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள், என்னால் பிடிக்க முடியவில்லை. பின்னால் அப்பா, எங்கள் இரண்டு பேரின் ஸ்வெட்டரையும் கையில் வைத்துக்கொண்டு, “போ, போ” என்று கத்துவது கேட்டது. எங்களில் யாரைச் சொன்னாரோ.

மறுகோடியின் எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் நின்றாள். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிவந்து, ஆடி முடித்த பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, இன்னொரு ரவுண்டு வாறியா?” என்றாள்.